டிசைன் நேர்காணலுக்கு ஒத்திகை பார்க்க இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலைவாய்ப்பு முகாமானாலும் கல்லூரிப் பயிற்சி வகுப்பானாலும், நேர்காணல் என்றால் ஆப்டிட்யூட் கணக்கு, சரளமான ஆங்கிலம், ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆப், இணையதளத் திரைகளின் தோற்றத்தையும் பயன்பாட்டையும் வடிவமைக்கும் யுஐ, யுஎக்ஸ் வேலைக்கும் கிராபிக் டிசைன் வேலைக்கும் போகும் வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர்ப் பிள்ளைகளுக்கு இது போதவே போதாது. அங்கே, செய்த வேலையைத் திரையில் போட்டு, ஏன் இப்படிச் செய்தாய் என்று குடைவார்கள். அதற்குப் பழகாததால், கைத்திறன் உள்ளவர்களும் வாயடைத்துத் திரும்புகிறார்கள்.

செய்த வேலைகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் மூன்று வேலை போதும். பத்துப் பதினைந்தை அடுக்கினால் எதையும் முழுதாகப் பேச நேரம் இராது; பார்ப்பவர் கண்ணும் இருப்பதிலேயே சுமாரானதில் போய் நிற்கும். யாருக்காகச் செய்தது, என்ன சிக்கல், அதில் உங்கள் பங்கு எவ்வளவு, பயன்படுத்திப் பார்த்தவர்கள் எங்கே திணறினார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும். கைவிட்ட வரைவுகளை அழித்துவிடாதீர்கள். அவற்றை ஏன் விட்டீர்கள் என்பதில்தான் பேச்சு சூடுபிடிக்கும்.

காசிமேட்டில் மீன் விற்பவர்களுக்குக் கணக்கு எழுத ஓர் ஆப் வடிவமைத்ததாக வைத்துக்கொள்வோம். ‘பட்டனைப் பெரிதாக்கினேன், பார்க்க நன்றாக இருந்தது’ என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. ‘ஈரக் கையோடு தொடுகிறார்கள். திரையில் தண்ணீர் இருந்தால் தொட்ட இடம் தப்பாகப் பதிவாகிறது. அதனால் பட்டனுக்குக் குறைந்தபட்சம் என்று ஆண்ட்ராய்டு சொல்லும் 48 டிபி (திரை அளவுக்கான அலகு) அளவையும் தாண்டிப் பெரிதாக்கி, பக்கத்துப் பட்டனைத் தள்ளி வைத்தேன். வெயிலில் வெளிர்சாம்பல் எழுத்து தெரியவில்லை, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடான கான்ட்ராஸ்டை 4.5:1க்கு மேல் ஏற்றினேன்’ என்று சொல்லிப் பாருங்கள், கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். தமிழில் திரை அமைத்திருந்தால் அதையும் தயங்காமல் காட்டுங்கள். ஆங்கிலத்துக்கு அளந்த பட்டனில் தமிழ்ச் சொல் பல நேரம் அடங்காது; வரி இடைவெளி குறைந்தால் மேல்வரி ‘ழு’வும் கீழ்வரி ‘கீ’யும் முட்டிக்கொள்ளும். இதைத் தீர்த்தவரிடம் சொல்ல நிறைய இருக்கிறது.

பதற்றம் எல்லாருக்கும் வரும். பயந்தால் மூச்சு மேலோட்டமாகி, வாய் உலர்ந்து, குரல் நடுங்குவது உடம்பின் இயல்பு. நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விட்டு, இப்படிச் சில நிமிடம் மூச்சுவிட்டால் படபடப்பு தணியும். ஆனால் மூச்சுப் பயிற்சி மட்டும் காப்பாற்றாது. எழுதி மனப்பாடம் செய்து போவதுதான் பெரிய வினை. நடுவில் ஒரு கேள்வி விழுந்ததும் நூல் அறுந்துவிடும், எங்கே விட்டோம் என்றே தெரியாது. ஒவ்வொரு வேலைக்கும் ஐந்தாறு குறிப்புச் சொற்கள் மட்டும் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் பேசிப் பழக வேண்டும். முதலில் போனில் பதிவு செய்து கேளுங்கள். பிறகு நண்பர் ஒருவரை உட்காரவைத்து, வேண்டுமென்றே குறுக்கே கேட்கச் சொல்லுங்கள். பதில் தெரியாவிட்டால், ‘கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன்’ என்பது முழுக்கச் சரியான பதில். ஆங்கிலம் தடுமாறினால் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசலாம். தமிழில் விளக்கலாமா என்று கேட்பதிலும் தவறில்லை.

வெள்ளைப் பலகையில் உடனே ஒன்றை வரையச் சொல்வதும் உண்டு. மெட்ரோ டிக்கெட் மிஷின் என்று சொன்ன மாத்திரத்தில் மார்க்கரை எடுத்துக் கட்டம் போடுகிறார்களே, அங்கேதான் சறுக்குகிறது. முதல் ஐந்து நிமிடம் கேள்விக்கு: யார் வருவார்கள், கையில் சில்லறையா போனா, படிக்கத் தெரியாதவர் என்ன செய்வார்? வரையும்போது மனதில் ஓடுவதை வாயால் சொல்லிக்கொண்டே வரையுங்கள்.

ஃபிக்மா (இணையத்தில் இயங்கும் டிசைன் மென்பொருள்) லிங்க்கை மட்டும் நம்பிப் போகக் கூடாது. பார்க்கும் அனுமதி கொடுக்க மறந்திருப்பீர்கள், அல்லது அங்கே வைஃபை கிடைக்காது. பிடிஎஃப் ஒன்று போனிலும் பென் டிரைவிலும் இருக்கட்டும். மெயிலில் அனுப்ப 10 எம்பிக்குள் சுருக்கியது ஒன்றும் வேண்டும்.

ஐடி நிறுவனங்கள் நிறைந்த ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் போகிறவர்கள் கன்டெய்னர் லாரி நெரிசலில் மாட்டிக்கொண்டு வியர்த்துப்போய் நுழைய வேண்டாம். விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல், அங்கிருந்து பூங்கா நகர் வந்து பறக்கும் ரயிலில் தரமணியோ பெருங்குடியோ போகலாம். கிண்டி என்றால் மெட்ரோவில் மாறவே வேண்டாம்.

எங்கள் கோரிக்கை இதுதான். படிக்கவும் வேலை பார்க்கவும் பொது இடமான கொளத்தூர் முதல்வர் படைப்பகம் போன்ற இடங்களிலும் வட சென்னைக் கிளை நூலகங்களிலும், மாதம் ஒரு சனிக்கிழமை டிசைன் நேர்காணல் ஒத்திகைக்கு மாநகராட்சியும் நூலகத் துறையும் இடம் தர வேண்டும். ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளைப் பலகை, கேள்வி கேட்கத் துறையில் இருக்கும் இருவர், ஆளுக்கு 40 நிமிடம். அவ்வளவு போதும். கேள்வி கேட்க நாங்கள் வரத் தயார். கட்டணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
டிசைன் துறையில் பணிபுரிவோர் சிலர்,
தண்டையார்பேட்டை, சென்னை.