பெயின்ரர் ஐயாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அப்பாவின் பழைய மொரிஸ் மைனர் கார், அது எங்களுடையதுதான் என்று ஒருவழியாகக் காட்டி முடித்து, நேற்றுப் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிட்டது. மாமரத்தடியில் நிற்கிறது. அம்மா இரவு இரண்டு தடவை எழும்பிப் போய் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்துதான் படுத்தார். நடந்தது என்ன, யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் இதை வாசிக்கிற அநேகம் பேருக்குத் தெரியும், அதை மறுபடி கிளற எனக்கு மனமில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன், அதையும் சூட்டோடு சொன்னால்தான் உண்டு. ஆறப் போட்டால் நான் எழுதமாட்டேன், என்னை எனக்குத் தெரியும்.

ஒரு விடயத்தைச் சொல்லாவிட்டால் ஐயா செய்தது விளங்காது. அப்பா இந்த மொரிஸ் மைனரை 2003 இல் வாங்கியது ஓப்பன் பேப்பரில். பெயர் மாற்றாமல், கையெழுத்து வைத்த படிவம் மட்டும் கை மாறி வந்த வண்டி. 2006 ஆவணியில் யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 பாதை பூட்டுப்பட்டபோது கார் வவுனியாவில் ஒரு கராச்சில் என்ஜின் கழற்றிக் கிடந்தது, பேப்பர்கள் கிளிநொச்சியில் அப்பாவின் சூட்கேசில் இருந்தன. கார் ஓமந்தைச் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம், பேப்பர் இந்தப் பக்கம். கார் தப்பியது. அப்பாவும் சூட்கேசும் 2009 ஐத் தாண்டவில்லை.

பதிவில் இன்னமும் நின்றது பரந்தனில் அரிசி மில் வைத்திருந்த ஒருவரின் பெயர். அவர் காலமாகி எத்தனையோ வருடம். மில்காரருக்கும் அப்பாவுக்கும் நடுவில் வண்டி யார் யாரிடம் இருந்தது என்று காட்டு, இல்லாவிட்டால் உரிமை கோராதே என்று எங்கள் உரிமையை ஏற்காதவர்கள் சொன்னார்கள். எங்கே போய்க் காட்டுவது? வன்னியில் அந்த இடைப்பட்ட காலத்துக் காகிதம் எந்த வீட்டில் மிஞ்சியிருக்கிறது? காணி உறுதியையே பதுங்குகுழிக்குள் விட்டுவிட்டு ஓடி வந்த சனம் நாங்கள்.

மல்லாவியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் போனிலிருந்த படத்தைக் காட்டி விசாரித்தபோது, கடைக்காரர் பெயின்ரர் ஐயாவைக் கேட்டுப் பாருங்கள் என்றார். ஐயாவுக்கு எண்பது இருக்கும். படத்தை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே பிடித்து, தள்ளிப் பிடித்து, ஒன்றுமே சொல்லாமல் திருப்பித் தந்தார். சரி, இதுவும் போச்சு என்று வந்துவிட்டேன். அடுத்த நாள் காலமை எட்டு மணிக்கு மாங்குளத்தில் இப்போது கார் நின்ற கராச் வாசலில் அவர் நிற்கிறார், பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறார். கையில் ஒரு சீலைப் பை. அதற்குள் தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற வோட்டர் பேப்பர் இரண்டு துண்டு, பழைய சேட்டுத் துணி, ஒரு ரின்பால் பேணி.

பேணியில் தண்ணீர் கேட்டார். டிக்கியைத் திறந்து, உட்கார்ந்த கையோடு மூடியின் உட்பக்க மூலையைத் தேய்க்கத் தொடங்கினார். நான் தேய்க்கிறேன் என்று சொன்னதற்கு, "நீர் அமத்திப் போடுவீர், தள்ளி நில்லும்" என்றார். அரை மணித்தியாலம் இருக்கும். துணியால் துடைத்தபோது தேத்தண்ணிக் கோப்பைத் தட்டளவில் ஒரு வட்டம். அதற்குள் வளையம் வளையமாக நிறங்கள், வெட்டின மரத்தைப் பார்ப்பதுபோல. நடுவில் தகரம், அதைச் சுற்றிக் கறுப்பு, பிறகு பச்சை, வெள்ளை, நீலம், கடைசியில் அப்பா அடித்த கிறீம்.

விரலை வைத்து உள்ளேயிருந்து வெளியே எண்ணினார். "கறுப்பு பக்டரி. பச்சை மில்காரர், மில் கேற்றுக்கும் உந்தப் பச்சைதான். வெள்ளை கிளிநொச்சிச் சந்தியிலை ஹயர் ஓடேக்கை." நீலத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. "இது நான் அடிச்சது தம்பி. குறை நினையாதையும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. மன்னிப்புக் கேட்கிறார்! 1997 இல் கிளிநொச்சிச் சனமெல்லாம் இடம்பெயர்ந்து மல்லாவியே நகரமாகியிருந்த நேரம், கரண்ட் இல்லை, அதனால் ஸ்பிறே இல்லை, கார் பெயின்றும் வராது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து யாரோ கொண்டு வந்த வள்ளத்துக்கு அடிக்கிற நீலத்தை வாங்கி பிரஷ்ஷால் அடித்திருக்கிறார். கோடு கோடாய் விழுந்துவிட்டது. கார்க்காரர் ஒரு வாத்தியார், அவர் ஒன்றும் சொல்லவில்லையாம், ஆனால் இவருக்கு அது இத்தனை வருடமும் மனதில் கிடந்திருக்கிறது. படத்தில் கிறீமுக்குக் கீழே அந்தக் கோடுகள் தெரிந்ததால்தான் முதல் நாள் பேசாமல் இருந்தாராம். வெட்கம்.

அந்த வாத்தியார்தான் எங்களுக்குக் காணாமல் போயிருந்த ஆள். பெற்றோல் கண்ணால் காண முடியாத அந்த நாளில் சொட்டு மருந்துப் போத்தலால் கார்பரேட்டருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் எடுத்து, மண்ணெண்ணெயில் ஓடி, இந்த 803 சீசீ வண்டியில் பிள்ளைப்பேற்றுக்காரரை மல்லாவி ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கியிருக்கிறார். இதையெல்லாம் ஐயா சொல்லித்தான் அறிந்தேன். அப்பாவுக்கும் தெரிந்திருக்குமோ என்னவோ.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. வட்டக்கச்சியில் இருக்கும் வாத்தியாரின் மகள், ஹயர்காரருக்குத் தகப்பன் தவணைக் காசு கட்டிக் கையெழுத்து வாங்கிய கொப்பியை எடுத்துத் தந்து சத்தியக் கடதாசியும் முடித்துத் தந்தார். அக்கா, உங்கள் வீட்டில் சாப்பிட்ட ஒடியல் கூழுக்கும் சேர்த்து நன்றி. பிரான்சிலிருந்து நடுச்சாமத்தில் பேசிய ஹயர்காரரின் மகன், பழைய பதிவைத் தேடி மூன்று தரம் நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலைந்த மச்சான், ஒரு சதமும் வாங்காத சட்டத்தரணி, எங்கள் கிராம சேவகர் (ஜீ.எஸ்.), என்ஜினைப் பூட்டித் தந்த பெடியள், உங்கள் எல்லோரையும் இப்படி ஒரே வரியில் கட்டிவிட்டேன் என்று கோபிக்க வேண்டாம்.

லண்டனில் இருக்கும் தம்பி இங்கிலாந்தின் கேய்டனிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு செசி நம்பரை அனுப்பி, பழைய தயாரிப்புப் பதிவேட்டிலிருந்து சான்றிதழ் எடுத்திருந்தான். அதில் உரிமையாளர்களின் வரலாறு வராது, வண்டி தொழிற்சாலையை விட்டு வெளிக்கிட்ட கதை மட்டும்தான். 1954, கொழும்புக்கு, நிறம் கறுப்பு. வாசித்துவிட்டு எழும்பிப் போய் டிக்கியைத் திறந்து பார்த்தேன். ஐயா, அந்தச் சான்றிதழுக்குக் காசு கட்டியிருக்கத் தேவையில்லை.

போகும்போது பஸ் காசைக்கூட நீங்கள் வாங்கவில்லை. ஒன்றுதான் கேட்டீர்கள், கார் கிடைத்தால் அந்த நீலத்தை முழுக்க உரித்துவிட்டு ஒருக்கா ஒழுங்காக அடிக்க விடும் என்று. கார் கிடைத்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் ஏற்றிக்கொண்டு மல்லாவிக்கு வருகிறேன், நீங்கள் முன் சீற்றில் இருக்க வேண்டும், வாத்தியாரின் மகளையும் கூட்டி வருகிறேன். கதவு, போனட், மட்கார்ட் எல்லாம் உங்கள் விருப்பம், எந்த நிறமென்றாலும் அடியுங்கள். டிக்கி மூடியின் உள்மூலையை மட்டும் தரமாட்டேன் ஐயா. சண்டை பிடித்தாலும் தரமாட்டேன்.