குடியிருப்போர் சங்க ஆண்டறிக்கை 2024–25: செயலாளர் வாசித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கும் இந்த அறிக்கையின் நகல் வீடு தேடி வரும்.

சுதந்திர தினக் கொடியேற்றமும் பொங்கல் விளையாட்டுப் போட்டியும் வழக்கம்போல் நடந்தன. கொசு மருந்து அடிக்கப்பட்டது. பூங்கா கேட்டுக்கு பெயின்ட் அடித்தோம். எரியாத தெருவிளக்குகளுக்கு மனு கொடுத்திருக்கிறோம்.

அடுத்து, சோலார் சொக்கப்பனை. இதைப் பற்றி முதுகுக்குப் பின்னால் நிறையப் பேச்சு நடந்துவிட்டதால் சபையிலேயே விளக்கிவிடுகிறேன். கோயில் வாசலில் பனையோலை கட்டிக் கொளுத்தும் சொக்கப்பனை அப்படியேதான் இருக்கும், அதில் யாரும் கை வைக்கவில்லை. கார்த்திகை தீபத்தன்று பூங்காவில் 12 அடி உயர மூங்கில் பனை ஒன்றை எல்லா வீடும் சேர்ந்து செய்து, வெயிலில் சேர்த்த மின்சாரத்தில் எரியவிடலாம் என்பதே திட்டம். பொதுக்குழுவில் கை தூக்கியவர்கள் பலர். வேலைக்கு வந்தவர்கள் யார் என்பது வந்தவர்களுக்குத் தெரியும்.

சோடா பாட்டிலின் அடிப்பக்கத்தை வெட்டி எடுத்தால் ஐந்து இதழ்ப் பூ மாதிரி இருக்கும். பனையை அலங்கரிக்கப் பிள்ளைகள் அதைச் சாக்குச் சாக்காக வெட்டிக் குவித்தார்கள். எல்இடி பட்டையைக் கண்ட இடத்தில் வெட்டக் கூடாது, மூன்று பல்புக்கு ஒருமுறை வரும் செம்புக் கோட்டில்தான் வெட்டணும் என்பதைப் பெரியவர்களுக்கு அந்தப் பிள்ளைகள்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அடியிலிருந்து மட்டும் கரன்ட் கொடுத்தபோது உச்சியில் வெளிச்சம் மங்கியது. மேலேயும் தனியாக ஒரு ஒயர் இழுத்தோம், சரியாகிவிட்டது.

100 வாட் பேனல் இரண்டு, 12 வோல்ட் 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்று. விளக்குகள் மொத்தம் 60 வாட். ஐந்து மணி நேரம் எரித்தால் 300 வாட்-ஹவர், அதாவது ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. “மூணு ரூபாய் கரன்ட்டுக்கு இவ்வளவு செலவா?” என்று ஒரு உறுப்பினர் கேட்டார். கணக்கு சரிதான். ஆனால் நவம்பர் 30 ராத்திரி ஃபெங்கல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்து, ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தபோது தெருவே இருட்டில் கிடந்தது. பேனல்களை முன்கூட்டியே கழற்றி வைத்திருந்தோம். பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தது. அத்தனை வீட்டு செல்போனும் என் வீட்டுத் திண்ணையில்தான் வரிசையில் கிடந்தன. கேள்வி கேட்டவருடைய போனும் அதில் இருந்தது. அதற்கு யாரிடமும் மூன்று ரூபாய் வாங்கவில்லை.

கார்த்திகை என்றாலே மழைக்காலம். மேகம் மூடினால் பேனல் தருவது கால்வாசிகூட இருக்காது. அதனால் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து வைத்தோம். டிசம்பர் 13 தீபத்தன்று, மழை விட்ட இடைவெளியில், பனை எரிந்தது. வேலைக்கு எட்டிப் பார்க்காதவர்கள்தான் முதலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எடுக்கட்டும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வைப்பார். சுருக்கமாக, வரவை விடச் செலவு கொஞ்சம் கூடுதல், கையிருப்பு சமாளிக்கும் அளவில் உள்ளது. ஓராண்டுச் சந்தாவை மூன்று வீட்டில் ஒரு வீடு இன்னும் கட்டவில்லை. இரண்டாண்டு பாக்கி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். பெயர் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் சட்டைப் பையில் இருக்கிறது.

இடம் கொடுத்த பூங்கா நிர்வாகத்துக்கும், மூங்கில் தந்த உறுப்பினருக்கும், டீ போட்டுக் கொடுத்த வீட்டுப் பெண்களுக்கும், தலைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் பனையைச் சுற்றிச் சிறு குத்துவிளக்குகளும் செய்ய ஆசை இருக்கிறது. பேனலும் பேட்டரியும் இப்போது என் வீட்டு மாடி அறையில் இருக்கின்றன. மாதம் ஒருமுறை பேட்டரிக்கு சார்ஜ் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் கெட்டுவிடும். மாடி காலியாக உள்ளவர்கள் யாராவது பொறுப்பேற்றால் மகிழ்ச்சி. செயலாளர் பதவியையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. விதிப்படி, போட்டியிடுகிறவருக்குச் சந்தா பாக்கி இருக்கக் கூடாது.