55 மணி நேரமும் 17 ஆண்டுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீண்ட காலம் ஓடிய ஆங்கில சிட்காம்களின் (நகைச்சுவைத் தொடர்களின்) கடைசி சீசன்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 'ஹவ் ஐ மெட் யுவர் மதர்' தொடரை ஒரே வரியில் முடித்துவிட்டது: அம்மாவைச் சாகடித்தார்கள், அதனால் தொடர் கெட்டது. 2014இலிருந்து ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து மல்லுக்கட்டும் விஷயம் இது. பழியை அந்தச் சாவின் தலையில் கட்டுவது சரியில்லை. நேரத்தைப் பங்கு போட்டதில்தான் கோளாறு. (தொடரை இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், கதை முழுவதையும் உடைக்கப்போகிறேன்.)

2005 செப்டம்பரில் சிபிஎஸ் சேனலில் தொடங்கி 2014 மார்ச் 31 அன்று முடிந்த தொடர் இது. டெட் என்பவர் 2030இல் தன் இரண்டு பிள்ளைகளுக்கு, அவர்களின் அம்மா ட்ரேசியைச் சந்தித்த கதையைச் சொல்வதுதான் தொடர். பார்னியும் மார்ஷலும் அவருடைய நண்பர்கள், ராபின் தோழியும் முன்னாள் காதலியும். 9 சீசன், 208 எபிசோட். கடைசி சீசனுக்கு மட்டும் 24. அதில் முதல் 22 எபிசோடுகளின் கதை, ஃபார்ஹாம்ப்டன் விடுதியில் பார்னி–ராபின் கல்யாணத்துக்கு முந்தைய சுமார் 55 மணி நேரத்துக்குள் அடங்குகிறது. நடுநடுவே முன்னும் பின்னும் தாவுவது உண்டு என்றாலும் கதை அந்த விடுதியை விட்டு நகராது. மிச்சமுள்ள இரண்டையும் ஒரே இரவில் சேர்த்து ஒளிபரப்பினார்கள். விளம்பரம் போக முக்கால் மணி நேரம்தான் தேறும். 2013இலிருந்து 2030 வரையிலான 17 ஆண்டுகளும் அதற்குள். 2016இல் பார்னியும் ராபினும் விவாகரத்து, 2020இல் பார்னிக்குப் பெண் குழந்தை, டெட்–ட்ரேசி கல்யாணம், ட்ரேசிக்கு நோய், 2024இல் மரணம், ஆறு வருடம் கழித்து நீல ஃப்ரெஞ்ச் ஹார்ன் என்ற ஊதுகருவியைத் தூக்கிக்கொண்டு ராபின் வீட்டு ஜன்னலுக்குக் கீழே டெட். ஒரு சீசன் முழுக்கப் பந்தல் போட்டு நடத்திய கல்யாணத்தைப் பந்தல் பிரிக்குமுன் முறித்துவிட்டால், பார்க்கிறவனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? ஆஸ்பத்திரிக் காட்சி சில நொடிதான். அழுவதற்குக்கூட அவகாசம் இல்லை.

இப்படி ஆனதற்குக் காரணம் 2006இல் இருக்கிறது. சோபாவில் உட்கார்ந்து அப்பாவின் கதையைக் கேட்கும் பிள்ளைகளாக நடித்த லிண்ட்ஸி ஃபொன்சேகாவும் டேவிட் ஹென்றியும் தொடர் முடிவதற்குள் வளர்ந்து ஆளாகிவிடுவார்கள் என்று தெரிந்து, "அம்மா போய் ஆறு வருஷம் ஆச்சு, ராபின் ஆன்ட்டியிடம் போங்கள்" என்று அவர்கள் சொல்லும் கடைசிக் காட்சியை இரண்டாம் சீசன் சமயத்திலேயே ரகசியமாக எடுத்துப் பூட்டி வைத்தார்கள், தொடரை உருவாக்கிய கார்ட்டர் பேஸும் கிரெய்க் தாமஸும். அன்றைக்கு அது புத்திசாலித்தனம். ஆனால் அப்போது பார்னிக்கும் ராபினுக்கும் நடுவே எதுவுமே தொடங்கவில்லை. அது மூன்றாம் சீசனில்தான் முளைக்கிறது. ஐந்தில் சேர்ந்து பிரிகிறார்கள். ஏழாம் சீசன் முடிவில் கல்யாணப் பெண் ராபின்தான் என்று காட்டுகிறார்கள். எட்டில் நிச்சயம். கதை ஒரு பக்கம் வளர்ந்துகொண்டே போக, பெட்டிக்குள் இருந்த காட்சி மட்டும் 2006இலேயே நின்றது. கடைசியில் கதையை மடக்கித்தான் காட்சிக்குள் திணிக்க வேண்டியிருந்தது.

இன்னொரு தொழில் விவரமும் உண்டு. விவாதங்களில் இதை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. 'ஃப்ரெண்ட்ஸ்' ஸ்டுடியோவில் பார்வையாளர்களை உட்கார வைத்து எடுத்த தொடர். சிரிப்பு விழாத வசனத்தை எழுத்தாளர்கள் அங்கேயே மாற்றி எழுதி மறுபடி எடுப்பார்கள். நான்காம் சீசன் முடிவில் லண்டனில் எடுத்த எபிசோடில் மோனிகாவும் சாண்ட்லரும் ஒரே படுக்கையிலிருந்து எழுந்தபோது அரங்கம் அதிர்ந்தது. சின்னச் சம்பவமாக நினைத்திருந்த அந்த உறவு, அந்த வரவேற்பினால்தான் கல்யாணம் வரை வளர்ந்தது. 'மதர்' தொடருக்கு அந்த வசதி கிடையாது. நொடிக்கொரு தாவல், துண்டு துண்டான காட்சிகள் என்பதால் பார்வையாளர் இல்லாமலே மூன்று நாள் எடுத்து, தொகுத்து முடித்த பிறகு ஒரு கூட்டத்துக்குப் போட்டுக் காட்டித்தான் சிரிப்பைப் பதிவு செய்தார்கள். பெரும்பாலான எபிசோடுகளை இயக்கிய பமீலா ஃப்ரைமன் இந்த முறையில் கெட்டிக்காரர். வேகத்துக்கு இது ஏற்றதுதான். ஆனால் "இந்த ஜோடி வேண்டும், அந்த ஜோடி வேண்டாம்" என்று படப்பிடிப்பு நாளிலேயே முகத்துக்கு நேரே சொல்ல அங்கே ஆள் இல்லை.

அதே 'ஃப்ரெண்ட்ஸ்' தன் பத்தாவது சீசனை எப்படிச் செலவழித்தது என்றும் பார்க்கலாம். மொத்தமே 18 எபிசோட். குறுக்கே நின்ற ஜோயி–ரேச்சல் விவகாரத்தை மூன்றாவது எபிசோடுக்குள் தீர்த்துவிட்டார்கள். மோனிகாவும் சாண்ட்லரும் தத்தெடுக்கும் குழந்தையின் தாயை ஒன்பதாவதிலேயே கொண்டுவந்துவிட்டார்கள். கடைசி நாளுக்கு மிஞ்சியது ராஸ்–ரேச்சல் முடிச்சு ஒன்றுதான். 2004 மே 6 அன்று அது அவிழ்ந்தபோது, அதற்குக் குறுக்கே எதையும் கட்டியெழுப்பி வைத்திருக்கவில்லை.

'மதர்' ஒன்பதாவது சீசனில் இடமில்லாமலா போனது? தாராளமாக இருந்தது. மார்ஷல் விடுதிக்கு வந்து சேரவே 13 எபிசோட் ஆகிறது. ஐந்து பேர் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசுவதுதான் தொடரின் உயிர், அதில் ஒருவர் பாதி சீசன் சாலையிலேயே இருக்கிறார். 11ஆவது எபிசோட் முழுக்க எதுகையில் பேசும் விளையாட்டு. 14ஆவது, குங்ஃபூப் படக் கிண்டல். ஆசியர்களைக் கேலி செய்ததற்காகத் தயாரிப்பாளர்கள் பிறகு மன்னிப்பே கேட்டார்கள். இவற்றில் மூன்றை எடுத்துவிட்டு, விவாகரத்துக்கு ஒன்று, ட்ரேசியின் நோய்க்கு ஒன்று, 2024க்கும் 2030க்கும் நடுவே டெட் தனியாகப் பிள்ளைகளை வளர்த்ததற்கு ஒன்று கொடுத்திருந்தால், பெட்டியில் இருந்த காட்சியை அப்படியே ஒட்டியிருக்கலாம். ஒரு வசனம்கூட மாற்ற வேண்டியிருந்திருக்காது.

எதிர்க்கட்சியின் வாதத்திலும் சரக்கு இருக்கிறது. தொடரின் 200ஆவது எபிசோட், அதாவது இந்த சீசனின் 16ஆவது, ட்ரேசியின் பக்கத்துக் கதை. காதலனைப் பறிகொடுத்தவள், தன் வாழ்க்கையில் காதல் ஒரு தடவைதான் என்று நம்பி எட்டு வருடம் கழித்து, மெல்ல அதிலிருந்து வெளியே வருகிறாள். ட்ரேசியாக நடித்த கிறிஸ்டின் மிலியோட்டி அதில் யுகுலேலேயை (குட்டி கிதார் போன்ற கருவி) வைத்துக்கொண்டு பால்கனியில் பாடும் இடம் போதும், அவரை இன்னும் இரண்டு சீசன் முன்பே கொண்டுவந்திருக்கலாமே என்று தோன்ற வைக்க. இழந்தவருக்கும் இரண்டாவது காதல் உண்டு என்று இங்கேயே சொல்லிவிட்டார்கள் என்பது முடிவை ஆதரிப்பவர்களின் கட்சி. 19ஆவது எபிசோடில் டெட் கண் கலங்குவதும் ட்ரேசியின் மரணத்துக்கு முன்னறிவிப்புதான். ஏற்கிறேன். ஆனால் நடுவில் 17ஆவது எபிசோட் இருக்கிறதே! கடற்கரையில் விடியும் நேரத்தில் ராபினின் கையை டெட் விட, அவள் பலூன் போல மேலே மிதந்து போகிறாள். அவ்வளவு அழுத்தமாக ஒரு கதவைச் சாத்திவிட்டு, ஏழு எபிசோட் கழித்து அதே கதவைத் தட்டினால் யார் நம்புவார்கள்?

டிவிடியில் வந்த மாற்று முடிவைப் பலர் மருந்தாகச் சொல்கிறார்கள். அதில் ட்ரேசி சாவதில்லை. ரயில் நிலையத்தில் மஞ்சள் குடையின் கீழ் சந்திப்போடு கதை முடிகிறது. பார்க்க இதமாக இருக்கும். ஆனால் விவாகரத்தின் அவசரம் அப்படியேதான் இருக்கிறது. பார்னி–ராபின் ரசிகர்களுக்கு அதிலும் பெரிய ஆறுதல் கிடையாது.

கடைசி சீசனை மறுபடி பார்க்க நினைக்கும் உங்கள் வாசகர்கள் 24ஐயும் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. 1, 8, 16, 17, 19, 22, பிறகு கடைசி இரண்டு: எட்டே எபிசோட். 22க்கும் 23க்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்