என்னை மடக்காமல் தூக்கியவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். இன்று செப்டம்பர் 5, முதுகுத் தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கான உலக தினம். வருஷா வருஷம் இந்த நாளில் நாலு வரி எழுத நினைப்பேன், யாரை முதலில் சொல்வது என்று குழம்பியே விட்டுவிடுவேன். இந்த முறை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

2014 ஆடி மாதம், ஆரணிப் பக்கம் ஒரு கட்டடத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து இரண்டாவது மாடியிலிருந்து விழுந்தேன். இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. இரண்டு பேர் ஓடிவந்து கக்கத்தில் கைகொடுத்து என்னை ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்கப் பார்த்தார்கள். "யாரும் தொடாதீங்க, முதுகு போயிருக்கும்!" என்று கத்தி நிறுத்தியது எங்கள் சென்ட்ரிங் மேஸ்திரிதான். ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொள்ள, நாலு பேர் ஒரே மூச்சில் மரக்கட்டையைப் புரட்டுவது போல என்னைப் புரட்டிப் பலகைமேல் கிடத்தினார்கள். 108 வரும் வரைக்கும் மேஸ்திரி என் முகத்துக்கு நேரே துண்டை விரித்து வெயிலை மறைத்தபடி நின்றார். உடைந்த எலும்பு நகர்ந்தால் மிச்சமிருக்கும் நரம்பும் நசுங்கிப் போகும் என்று பிற்பாடு டாக்டர் சொன்னபோதுதான் அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரிந்தது. மேஸ்திரி, உங்களுக்கும் அந்த அஞ்சு பேருக்கும் முதல் நன்றி.

முதலில் சேர்த்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. மூன்றே வாரத்தில் வாலெலும்பு மேல் உள்ளங்கை அகலத்துக்குப் புண். எனக்கு வலி தெரியாது, வாடையை வைத்துக் கண்டுபிடித்தது அம்மா. அது ஆற நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதமும் ராத்திரி அலாரம் வைத்து எழுந்து என்னைப் புரட்டிப் போட்ட அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் நன்றி என்று எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

அப்புறம் வேலூர் பாகாயம், சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மறுவாழ்வு மையம். அதற்கு உயிர் கொடுத்த டாக்டர் மேரி வர்கீஸே 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். 1966-ல் அந்த மையம் திறந்தது. எனக்கு இதைச் சொன்னது பக்கத்துக் கட்டிலில் இருந்த அண்ணன். தென்னை மரத்திலிருந்து விழுந்து எனக்கு ஆறு வருஷம் முன்னாடியே வீல்சேருக்கு வந்தவர், மறு பரிசோதனைக்காக வந்திருந்தார். ஒரு நாள் காலையில் நீளக் கைப்பிடி போட்ட கண்ணாடியை என் கையில் கொடுத்து, "உன் முதுகை நீயே பாருடா தம்பி" என்றார். இடது பிட்டத்தில் எட்டணா அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை. "இதுதான் புண்ணோட முதல் நாள். இனிமே இது மேல உட்காராதே, சிவப்பு போற வரைக்கும்." அன்றிலிருந்து இன்று வரை பல் விளக்குகிறேனோ இல்லையோ, கண்ணாடி பார்க்காமல் நாள் தொடங்கியதில்லை. கால் மணிக்கொரு தரம் கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்குவதும் அவர் போட்டுவிட்ட பழக்கம்தான்.

இதை வெட்கப்பட்டு விட்டுவிட்டால் புதிதாக அடிபட்டவர்களுக்கு இந்த மடலால் ஒரு பயனும் இல்லை, அதனால் எழுதுகிறேன்: சிறுநீர் தெரியாமல் போய்த் துணி நனைந்துவிடும் என்று பயந்து நான் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தேன். அதனால் சிறுநீரில் கிருமி சேர்ந்து காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. வார்டு சிஸ்டர் ஒருவர் நன்றாகத் திட்டிவிட்டு, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை நானே கதீட்டர் என்ற மெல்லிய குழாயைப் போட்டுச் சிறுநீரை எடுக்கக் கற்றுக்கொடுத்தார். முதல் தடவை கை நடுங்கியது, ஒரு வாரத்தில் அஞ்சு நிமிஷ வேலையானது. கல்யாண வீடு, பஸ் பயணம், வேலை எல்லாம் எனக்குத் திரும்பக் கிடைத்தது அந்த அஞ்சு நிமிஷத்தால்தான் சிஸ்டர்.

ஊருக்கு வந்த பிறகு செய்தவர்களைச் சொன்னால் பக்கம் போதாது. ஸ்கூட்டருக்குப் பக்கச் சக்கரம் பொருத்தி, என் கால் வழுக்கி விழாமலிருக்க பெல்ட்டும் வைத்துத் தைத்த மெக்கானிக் தம்பி. சைலன்சர் சூடு எனக்குத் தெரியாது என்று யோசித்து அவனாகவே தகடு அடித்து மறைத்தான், அதை நான் கேட்கவே இல்லை. அதே மேஸ்திரி இன்று எனக்குக் கம்பிக் கணக்கு எழுதும் வேலை கொடுத்திருக்கிறார். எந்தத் தளத்துக்கு எத்தனை டன், எந்த வளைவுக்கு எவ்வளவு நீளம் என்று பத்து வருஷமாக என் கணக்குதான்.

காலையில் ஏரிக்கரை ரோட்டில் மூன்று கிலோமீட்டர் வீல்சேர் தள்ளுகிறேன். தோள்பட்டை நமக்குக் காலும்தான் என்று பிசியோ சொன்னதால், போன வருஷம் தோள் வலித்தபோது ஒரு மாதம் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். திரும்பும்போது டீக்கடை. முன்பு ரோட்டிலேயே நின்று கிளாஸை வாங்கிக் குடிப்பேன். ஒரு நாள் போனால் படிக்கட்டுப் பக்கத்தில் ஈர சிமென்ட், மேலே சாக்கு போட்டிருந்தது. "நாளைக்கு வா தம்பி, இன்னைக்குக் காயணும்" என்றார் கடைக்கார அண்ணன். மறுநாள் போனேன். சரிவு கொஞ்சம் செங்குத்து, இரண்டு தள்ளில் ஏறிவிடலாம். இப்போது உள்ளே, பெஞ்சுப் பக்கத்தில், எல்லோரோடும் உட்கார்ந்துதான் டீ.