மேசன் கேட்பதற்கு முன்

உரும்பிராய்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் நலம். உன்னுடைய கடிதமும் அதனுடன் வைத்திருந்த வரைபடமும் கிடைத்தன. முழு வேலையையும் ஒரு கொந்தராத்துக்காரரிடம் ஒப்படைக்காமல், பொருட்களை நீங்களே வாங்கி, கூலியை மட்டும் மேசனுடன் பேசி, வீட்டை உங்கள் சொந்தப் பொறுப்பிலேயே கட்டப்போவதாக எழுதியிருக்கிறாய். நான் அதைத் தடுக்கப்போவதில்லை. பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்த காலத்தில், சொந்தப் பொறுப்பில் கட்டப்பட்ட வீடுகளையே நான் அதிகம் பார்த்தேன். நன்றாக எழும்பியவையும் உண்டு, அத்திவாரத்துடன் நின்று பற்றை மண்டியவையும் உண்டு. மேசன் காலையில் வந்து "யன்னலை எந்த உயரத்தில் வைக்கிறது?" என்று கேட்கும்போது வீட்டுக்காரரிடம் விடை ஆயத்தமாக இருந்த இடங்களில் வேலை ஓடியது. விடை இல்லாத இடங்களில் மேசன் தனக்குப் பழக்கமான உயரத்தில் வைத்துவிட்டுப் போவார். பிறகு அதை உடைப்பதும் திரும்பக் கட்டுவதும் வீட்டுக்காரரின் செலவு. அவரைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் அவருக்கு அன்றைய நாள் வேலை நகர வேண்டும்.

உன்னுடைய வரைபடத்தில் அறைகள் இருக்கின்றன, ஆனால் வீடு இன்னும் இல்லை. கதவு எந்தப் பக்கம் திறக்கும், குசினி மேசை எந்த உயரம், தண்ணீர்க் குழாய் எந்தச் சுவருக்குள்ளால் ஏறும், கட்டிலில் படுத்தபடி கை எட்டும் இடத்தில் சுவிட்ச் இருக்குமா என்பவற்றை எல்லாம் இப்போதே தாளில் முடிவு செய். கட்டில், அலுமாரி, சாப்பாட்டு மேசை ஆகியவற்றை வரைபடத்தின் அளவுத்திட்டத்திலேயே கடதாசியில் வெட்டி, அறைகளுக்குள் வைத்துப் பார்த்தால், உங்கள் படுக்கையறையில் அலுமாரிக் கதவு திறக்காது என்பதை நீயே காண்பாய். காற்றையும் மழையையும் கவனத்தில் எடு. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். அந்தப் பக்கத்துச் சுவரை மலசலகூடத்திற்கும் களஞ்சிய அறைக்கும் கொடுத்துவிட்டு, படுக்கையறையைக் காற்றுப் படாத மூலையில் வைத்திருக்கிறாய். மாரி மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். வடக்குப் பார்த்த முன்விறாந்தைக்கு இறவாரத்தை மூன்று அடியாவது வெளியே நீட்டாவிட்டால் கார்த்திகை மாதம் முழுவதும் வாசற்படி நனைந்துகொண்டே இருக்கும்.

அளவைப் பற்றியும் சொல்லவேண்டும். போருக்குப் பின் வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்திற்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டது. பயனாளிகள் தாங்களே பொருள் வாங்கித் தாங்களே ஆள் பிடித்துக் கட்டினார்கள். கொடுத்த பணத்திற்குள் அடங்கும் அளவில் கட்டியவர்கள் முடித்தார்கள். "ஒருமுறை கட்டுவதுதானே" என்று அத்திவாரத்தை இரண்டு பக்கமும் நீட்டியவர்கள், சுவர் எழும்புவதற்குள் தாலிக்கொடியை அடகு வைக்க வேண்டி வந்தது. உன்னுடைய 1,400 சதுர அடியை 1,100 ஆகக் குறைத்து, பின்பக்கம் பிற்காலத்தில் ஓர் அறை சேர்க்கக்கூடியவாறு கூரையின் சாய்வையும் சுவரையும் இப்போதே திட்டமிடு என்பதுதான் என்னுடைய அபிப்பிராயம். மதிப்பீட்டின்மேல் நூற்றுக்குப் பதினைந்து வீதம் தனியாக ஒதுக்கி வை. 2022 இல் ஒரே வருடத்திற்குள் சீமெந்து விலை இரண்டு மடங்கிற்கும் மேலே போனபோது அப்படி ஒதுக்கியவர்களுக்கே மூச்சுத் திணறியது. ஒதுக்காதவர்கள் கூரையில்லாமல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூரை ஏறிய நாளில் எல்லோரும் வேலை முடிந்ததுபோல மகிழ்வார்கள், ஆனால் செலவில் அது ஏறக்குறையப் பாதிதான். பூச்சு, தரை, வயரிங், குழாய், கதவு, நிறம் என்று மற்றப் பாதி சில்லறை சில்லறையாகப் போகும்.

பத்திரங்களில் அதிகம் சொல்ல இல்லை. காணி உறுதி உன்னுடைய பெயரில் சரியாக இருக்கிறது. நில அளவையாளரைக் கொண்டு எல்லைக்கல்லை மட்டும் மறுபடி உறுதிப்படுத்த வேண்டும், ஏனெனில் மேற்கு வேலி ஒவ்வொரு முறை அடைக்கும்போதும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. பிரதேச சபை அனுமதி கையில் வரும்வரை அத்திவாரக் கிடங்கு வெட்டாதே. வேலை முடிந்தபின், அனுமதித்தபடியே கட்டியிருக்கிறது என்று சபை கொடுக்கும் இணக்கச் சான்றிதழையும் எடுத்துவிடு. விற்கும்போது அல்லது வங்கிக்குப் போகும்போதுதான் அது இல்லாத குறை தெரியும்.

மலக்குழியை எங்கே வைப்பது என்பதை மட்டும் நான் உன்னிடமோ மேசனிடமோ விடமாட்டேன். எங்கள் பகுதியில் மேலே செம்மண், கீழே சுண்ணாம்புக்கல். அந்தக் கல் முழுவதும் வெடிப்பும் துளையும். மணல் நிலத்தில் தண்ணீர் வடிந்து ஓரளவு சுத்தமாவதுபோல இங்கே நடப்பதில்லை. குழியில் விடுவது வெடிப்பு வழியே நேரே கிணற்றுக்குப் போய்ச் சேரும், அந்தக் கிணற்று நீரைத்தான் நாங்கள் குடிக்கிறோம். உங்கள் கிணற்றிலிருந்து ஐம்பது அடிக்குக் குறையாமல் இருந்தால் போதும் என்று வரைந்தவர் நினைத்திருக்கிறார்; கிழக்குப் பக்கத்து வீட்டுக் கிணறு வேலியோடு ஒட்டியிருப்பதை அவர் பார்க்கவில்லை. அதிலிருந்தும் அதே தூரத்தை அளந்து, தொட்டியின் அடியையும் சுவரையும் நீர் கசியாதபடி கொங்கிறீற்றில் கட்டி, கழிவுநீர் ஊறும் குழியைத் தெருப் பக்கத்து மூலைக்குக் கொண்டுபோகவேண்டும். அதற்காக மலசலகூடம் வேறு பக்கம் மாறுமானால் மாறட்டும். அப்போது தென்மேற்குச் சுவரும் படுக்கையறைக்குக் கிடைக்கும்.

காலத்தை மழையிலிருந்து பின்னோக்கி எண்ணு. ஐப்பசியில் மாரி தொடங்குவதற்கு முன் கூரை ஏறி, வெளிப்பூச்சும் முடிந்திருக்க வேண்டும். ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழா 25 நாட்கள். அந்த நாட்களில் ஆட்கள் பாதி நேரம் வருவார்கள், அதற்காகக் கோபப்படாமல் அட்டவணையிலேயே அந்த இடைவெளியை விட்டுவிடு. அப்படியானால் தை பொங்கல் கழிந்த கையோடு அத்திவாரம், பங்குனிக்குள் சுவர், வைகாசிக்குள் மேல்பீமும் தளமும், ஆனியில் கூரை. நாள் பார்ப்பதை அம்மா கவனித்துக்கொள்வா. தரைமட்டத்தைத் தெருவிலிருந்து இரண்டடிக்குக் குறையாமல் உயர்த்த வேண்டும். 2008 இல் நிஷா புயல் மழை எந்த உயரத்திற்கு வந்தது என்பது பழைய மாட்டுக்கொட்டில் சுவரில் இன்னும் தெரிகிறது, தெருவும் ஒவ்வொரு முறை திருத்தும்போது உயர்ந்துகொண்டே போகிறது. நிலத்துக் கொங்கிறீற் போடுவதற்கு முன் கறையான் மருந்து அடிப்பதை மறக்காதே, செம்மண் கறையானின் ஊர்.

பொருட்களில் முன்கூட்டியே வாங்கக்கூடியவை வேறு, கூடாதவை வேறு. கல், மணல், சல்லி, கம்பி, மரம் ஆகியவற்றை விலை சரியாக இருக்கும்போது எடுத்துப் போடலாம். சீமெந்தை அப்படிச் செய்யாதே. மூன்று மாதத்திற்குமேல் கிடந்த பையை நான் நம்புவதில்லை. இறக்கும் சீமெந்தை நிலத்தில் வைக்காமல், பலகை அடுக்கி, சுவரிலிருந்து ஓரடி தள்ளி, பத்துப் பைக்கு மேல் உயராமல் அடுக்கு. மணல் லொறி வந்தால் கொட்டுவதற்கு முன் பெட்டியின் நீள அகல உயரத்தை நாடாவால் அளந்து பெருக்கு. நூறு கனவடி ஒரு கியூப். ஈர மணல் காய்ந்த மணலைவிட அதிக இடத்தைப் பிடிக்கும், ஆதலால் நனைந்த லொறி வரும்போது நீ வாங்குவது முழுக் கியூப் அல்ல. கொஞ்சத்தை நாவில் வைத்துப் பார், உவர்த்தால் திருப்பி அனுப்பிவிடு, கடல் மணலின் உப்பு கம்பியைத் தின்றுவிடும். ஒரு கண்ணாடிப் போத்திலில் மணலும் தண்ணீரும் விட்டுக் குலுக்கி இரவு முழுவதும் வைத்தால், மேலே படியும் சேற்றின் தடிப்பு உனக்கு உண்மையைச் சொல்லும். கம்பியைத் தராசில் போடு: ஆறு மீற்றர் நீளமான 12 மில்லிமீற்றர்க் கம்பி ஏறக்குறைய 5.3 கிலோ நிற்கவேண்டும். நாலரைக் கிலோ நின்றால், கடைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அது 12 அல்ல.

மொட்டைமாடியாக வரும் அந்தச் சிறிய மேல்தளத்துக் கொங்கிறீற் நாளன்று நீ கட்டாயம் இங்கே நிற்கவேண்டும். முதல் நாள் மாலை, பலகை அடித்துக் கம்பி கட்டி முடிந்ததும் ஏறிப் பார். கம்பி பலகையில் ஒட்டிக் கிடக்கக்கூடாது. கீழே சிறு கொங்கிறீற் கட்டைகளை வைத்து ஓர் அங்குலமளவு தூக்கியிருக்கவேண்டும். யன்னலுக்கு மேலே வெளியே நீண்டிருக்கும் சன்சேட்டில் மட்டும் முறை தலைகீழ், அங்கே பாரத்தைத் தாங்கும் கம்பி மேற்பக்கத்தில் இருக்கவேண்டும். மாலையில் சரியாக இருந்த அந்தக் கம்பியை, காலையில் கலவைத் தாச்சியோடு ஓடுகிறவர்கள் மிதித்து மிதித்து அடிக்கு இறக்கிவிடுவார்கள். பலகையைக் கழற்றிய சில மாதங்களில் சுவரோடு சேரும் இடத்தில் வெடிப்பு விழும். நடப்பதற்கென்று பலகைப் பாதை போடச் சொல். அடுத்தது தண்ணீர். கலவை இளகலாக இருந்தால் கொட்டுவதும் பரப்புவதும் சுலபம், ஆகையால் மிக்சரடியில் குழாய் பிடித்து நிற்கும் பெடியனுக்கு "இன்னும் விடு" என்ற குரல் நாள் முழுவதும் வந்துகொண்டிருக்கும். 50 கிலோப் பைக்கு 25 லீற்றர். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைவு. குழாயை எடுத்துவிட்டு, கோடு கீறிய வாளியைக் கொடு. இறுகத் தொடங்கிய பிறகு, தளத்தைச் சுற்றிச் சாந்தால் சிறு வரம்பு கட்டித் தண்ணீர் தேக்கி வை; சோளகக் காற்று மேற்பரப்பை ஒரு பகலிலேயே காயவைத்துவிடும். ஒரு கிழமைக்குக் குறையாமல் தண்ணீர் நிற்கவேண்டும். தளத்தைத் தாங்கி நிற்கும் முட்டுக்கால்களை இரண்டு கிழமைக்கு முன் கழற்ற விடாதே, மேசனுக்குப் பலகை வேறு இடத்திற்குத் தேவைப்பட்டாலும்.

கூலியைச் சதுர அடிக் கணக்கில் பேசினாலும், எது அதற்குள் அடங்கும் என்பதை எழுது. சாரம் யாருடையது, மிக்சர் வாடகை யாருடையது, குழாய்க்கும் வயருக்கும் வெட்டிய சுவரை யார் பூசுவது, மலக்குழி சேருமா என்ற இந்த நான்கிலும்தான் பின்னர் முகம் கோணும். அத்திவாரம், சுவர், கூரை, பூச்சு என்று முடிந்த வேலைக்கே பணம் கொடு. முற்பணத்தைச் சிறிதாக வை. கடைசியில் நூற்றுக்கு ஐந்து வீதத்தை ஒரு மாரி கழியும்வரை கையில் வைத்திரு, அதையும் முதல் நாளே சொல்லிவிடு. இவை எல்லாம் சந்தேகத்தால் செய்வதல்ல என்பதை நல்ல மேசன் விளங்கிக்கொள்வார். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் தேநீர் கட்டாயம். அம்மா அதைப் பார்த்துக்கொள்வா. ஒரு கொப்பியில் ஒவ்வொரு நாளும் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பை உடைந்தது, என்ன இறங்கியது, யார் என்ன முடிவு சொன்னார் என்று எழுதவேண்டும். பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடா ஒட்டிப் படம் எடுத்து வை, பிறகு ஆணி அடிக்கும்போது குழாய் எங்கே ஓடுகிறது என்று தேட வேண்டியிராது.

சனி, ஞாயிறு கொழும்பிலிருந்து வந்து போவதாகவும், மற்ற நாட்களில் வட்சப்பில் பார்ப்பதாகவும் எழுதியிருக்கிறாய். அது போதாது. நூல் பிடித்து வீடு வரும் இடத்தை நிலத்தில் குறித்து நிலையம் எடுக்கும் நாள், அத்திவாரக் கொங்கிறீற், யன்னல் நிலைகள் வைக்கும் கிழமை, மேல்தளம், பூச்சுக்கு முந்திய இரண்டு நாள் ஆகியவற்றுக்கு லீவை இப்போதே பிரித்து வை. மற்ற நாட்களில் மேசன் கேட்கும் கேள்விக்கு ஒருவர் மட்டும் விடை சொல்லவேண்டும். அது நானாக இருக்கலாம், மருமகனின் அண்ணராக இருக்கலாம். இருவரும் சேர்ந்து இருக்க முடியாது. உன் சித்தப்பா வந்து குந்தியிருந்து நிலையை ஓரடி நகர்த்தச் சொல்வார், எதிர்வீட்டு ஐயாவுக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கும். "மகளிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று நான் சமாளித்துக்கொள்வேன், ஆனால் அந்த அதிகாரம் எனக்கு உண்டு என்பதை மேசனுக்கு நீயே நேரில் சொல்லவேண்டும்.

வரைபடத்தில் நான் பென்சிலால் குறித்த இடங்களைத் திருத்தி, மலக்குழியின் புதிய இடத்தையும் சேர்த்துக் கார்த்திகை முடிவதற்குள் அனுப்பு. அளவையாளர் அடுத்த கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். பழைய வீட்டில் கழற்றி வைத்த முதிரை மரக் கதவு நிலைகள் இரண்டு இன்னும் நன்றாக இருக்கின்றன. தச்சு வேலை செய்யும் ஓடாவியாரைக் கூட்டிவந்து காட்டினேன், சீவி எடுத்தால் முன்வாசலுக்கும் சுவாமி அறைக்கும் சரிவரும் என்கிறார். அகலம் மூன்றடி நாலு அங்குலம், உயரம் ஆறடி ஒன்பது அங்குலம். அந்த அளவை வரைபடத்தில் போட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா