ரீல் இலக்கத்தை எழுதி அனுப்பு

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். கோணேசர் கோயில் ஏற்றத்துக்கு மட்டும் இப்போது ஓட்டோ பிடிக்கிறா. வட்ஸ்அப் இருக்க அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். வட்ஸ்அப்பில் எழுதினால் இரண்டு நீலக் கோடு விழுகிறது, அதற்குப் பிறகு ஒன்றும் வருவதில்லை. மாமியின் மகன் அடுத்த மாதம் பெர்த்துக்கு வருகிறான். அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் ஒரு சின்ன வேலை. உன்னிடம் இருக்கிற அப்பப்பாவின் தூண்டில் ரீலின் பிரேக்குக்கு, அதுதான் ட்றாக்குக்கு, வொஷர் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். கொழும்பிலிருந்து போட்டிக்கு வந்த ஒருவர் கார்பன் வொஷர் தருவதாகச் சொன்னார், அளவுதான் தெரிய வேண்டுமாம். அது பென் செனட்டர் ரீல், அதில் 113, 114 என்று இலக்கத்துக்கு இலக்கம் அளவு மாறும். பக்கத்துத் தட்டில் அடித்திருக்கும், பார்த்து எழுதி அனுப்பு. படம் எடுத்து அனுப்பினாலும் சரி. "தலைமாட்டில் வைத்துப் படுத்த மனிசனுக்கு இலக்கம் தெரியாதாமோ?" என்று அம்மா சிரிக்கிறா. வயது போனால் எல்லாம் மறக்கும்தானே.

ரீல் சும்மா இருக்கிற நாட்களில் ட்றாக்கைத் தளர்த்தி வை. இறுக்கி வைத்தால் வொஷர் நசிந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு பெரிய மீன் இழுக்கும்போது நூல் சீராகப் போகாமல் வெட்டி வெட்டிப் போகும், அந்த இடத்தில்தான் அறும். கழுவும்போது குழாயைப் பீய்ச்சி அடிக்காதே, உப்பு உள்ளே போய்விடும். கைபிடியில் இருக்கிற மஞ்சள் முதிரை மரக் குமிழுக்கு இடைக்கிடை தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய். அங்கத்தைய காய்ந்த காற்றில் அது வெடிக்கவில்லையே?

இங்கே நம் தூண்டில் கிளப்பில் இந்த முறை சீசன் நன்றாகத் தொடங்கி நடுவில் கோணிவிட்டது. வாடை ஓய்ந்து சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு முதல் போட்டியை வைத்தோம், கரையிலிருந்து எறிகிற போட்டி. வழக்கம்போல டச்பேயிலும் உப்புவெளிக் கரையிலும். அதில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, பெட்டைப்பிள்ளை, 6 கிலோ தாங்கும் நூலில் 9 கிலோப் பாரை மீனை ஏற்றிவிட்டாள். முக்கால் மணித்தியாலம் நின்றாள். தகப்பன் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்தாரே தவிர தொடவில்லை, அதுவே பெரிய காரியம். ஒரு கொழும்புக்காரர் 15 கிலோ நூலில் 18 கிலோ மீன் கொண்டுவந்தார். நம் கணக்கு உனக்குத் தெரியும், மீனின் நிறையை நூலின் பலத்தால் வகுப்பது. அவளுக்கு ஒன்றரை, அவருக்கு ஒன்று தசம் இரண்டு. பரிசு அவளுக்கு. இரட்டை நிறையுள்ள மீனுக்கு இரண்டாம் இடமா என்று அவர் கொதித்தார். கிண்ணியா மாஸ்டர் தராசுக்குப் பக்கத்தில் கரும்பலகையை வைத்து கரை வெயிலில் ஒரு வகுப்பே எடுத்துவிட்டார். முப்பது வருஷம் கணிதம் படிப்பித்த மனிசன், விடுவாரா?

அந்தப் பிள்ளையைப் பார்த்தபோது 2003 ஞாபகம் வந்தது. சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு கடல் கொஞ்சம் திறந்த காலம். நீ அப்பப்பாவின் ரீலோடு நின்று கட்டா பிடித்தாய். கிளப்பின் வெற்றியாளர் பலகையில் உன் பெயர் இன்னும் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு புதிதாக எழுதியபோது எழுத்துக்காரன் உன் தலைப்பெழுத்தை மாற்றிவிட்டான், நான்தான் நின்று திருத்துவித்தேன்.

படகுப் போட்டியில்தான் சனியன் பிடித்தது. கச்சான் காற்று கிளம்ப முன்னர் கரைக்கு வந்துவிட வேண்டும் என்று விடிய முதலே புறப்பட்டார்கள். கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே கடல் திடீரென்று பள்ளமாக இறங்குவதால் மயில்மீனுக்கு நாம் தூரம் போகத் தேவையில்லை. பவுல் பொயின்ற் வெளிச்சவீட்டைத் தாண்டி, ஓடுகிற படகிலிருந்து தூண்டில் இழுக்கிற ட்ரோலிங் போனவர்களுக்கு ஒன்று விழுந்தது. தண்ணீருக்கு மேலே எழும்பி முதுகுச் செட்டையை விரித்துக் காட்டியதாம். பாலையூற்று மாமாவின் மருமகன்தான் பிடித்தவர். நாற்காலியில் இருந்து பெல்ற் போட முன்னர் தூண்டில் ரொட் கையிலிருந்து வழுக்க, படகுக்காரர் பாய்ந்து பிடித்துக் கொடுத்துவிட்டார். ஒரு கண வேலை. ஆனால் 1939 இல் அமெரிக்காவில் சர்வதேசத் தூண்டில் மீன்பிடிச் சங்கம் தொடங்கியதிலிருந்து அடிப்படை விதி அதுதான்: மீன் பட்ட பிறகு ரொட்டையோ நூலையோ வேறு ஆள் தொட்டால் அது கணக்கில் சேராது. நம் கிளப்பும் அந்த விதியைத்தான் வைத்திருக்கிறது. நீக்கினோம். படகுக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடலில் பிழைக்கிறவனின் கண் முன்னே மீன் போகப் பார்த்தால் கை சும்மா இருக்குமா?

அதோடு நான்கு பேர் விலகல் கடிதம் தந்துவிட்டார்கள். பாலையூற்று மாமா என்னோடு கதைப்பதில்லை. உன் கலியாணத்துக்குத் தோரணம் கட்டிய மனிசன்.

உறுப்பினர் பிரச்சினை இதனால் வந்தது என்று நினைக்காதே, இது முன்னமே இருந்தது. 2022 இல் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்களெல்லாம் கரையில் கிடந்தபோது நாங்கள் கரைப் போட்டி மட்டும் வைத்தோம், அப்போது போனவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை. இப்போது எண்ணெய் இருக்கிறது, விலைதான் தலைக்கு மேலே. இளம் பெடியன்களுக்கு கிளப் எதற்கு? துறைமுக மேடையில் நின்று எறிகிறான், போனில் படம் போடுகிறான், ஆயிரம் பேர் கை தட்டுகிறார்கள். சந்தா கட்டி, கூட்டத்தில் இருந்து, மூன்று மொழியில் வாசிக்கிற அறிக்கையைக் கேட்க அவனுக்கு என்ன விதி? அதோடு மீனை விடுவதா நிறுப்பதா என்கிற சண்டை வேறு. பெடியன்கள் அளந்து, படம் எடுத்து, விட்டுவிட வேண்டும் என்கிறார்கள். மூத்தவர்களுக்குத் தராசில் தொங்கினால்தான் மீன். மாஸ்டர் பெடியன்கள் பக்கம். 2006 இல் ஜப்பானில் பிடித்த 72.8 கிலோப் பாரைதான் உலகச் சாதனை. நம்முடையதை 5 கிலோவிலேயே கறியாக்கினால் எப்படி வளரும் என்று கேட்கிறார். நானும் அந்தப் பக்கம்தான், ஆனால் செயலாளர் வாய் திறக்கக்கூடாது. டைனமைற் போடுகிறவனும் சுருக்குவலைக்காரனும் வழித்துக்கொண்டு போகிற கடலில் நாங்கள் விடுகிற நாலு மீனால் என்ன என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். அதுவும் நியாயம்தான்.

அங்கே இப்போது குளிர் என்று அம்மா சொல்கிறா. சின்னவனுக்கு இருமல் விட்டதா? மருமகளிடம் ஒரு வார்த்தை கதைக்கலாம் என்று பார்த்தால் எப்போதும் வெளியில் என்கிறாய்.

மெல்பனில் இருக்கிற நம் பழைய பொருளாளர் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். அங்கே ஆட்கள் பழைய சாமான் விற்கிற பக்கத்தில் ஒரு பென் ரீல். "ஊரில் பார்த்தது மாதிரி இருக்கிறது" என்று எழுதியிருந்தார். கைபிடியில் மஞ்சள் மரக்குமிழ். படம் தெளிவில்லை. வெளிநாடுகளில் மரக்குமிழ் மாற்றுவது இப்போது ஒரு பாஷன், விதவிதமாகக் கடைந்து விற்கிறார்கள் என்று மாஸ்டரின் மகன் சொன்னான். ஆகவே அது யாருடையதோ. கேட்டிருந்த விலை மிகக் குறைவு, அப்படியான ரீலுக்கு அதைப்போல இரண்டு மடங்கு கேட்கலாம். அம்மாவுக்கு நான் படத்தைக் காட்டவில்லை.

போன கூட்டத்தில் சந்தா பாக்கிப் பட்டியல் வாசிக்க வேண்டி வந்தது. இரண்டு வருஷம் கட்டாதவர்களின் பெயரை வெட்டுவது என்று பொதுக்கூட்டத்தில் முடிவெடுத்தார்கள், நிறைவெண்ணுக்கு ஆள் சேர்வதில்லை என்பதால். வாசிக்கிறவன் நான். வெளிநாட்டு உறுப்பினர் பகுதியில் மூன்றாவது பெயர் உன்னுடையது. நான் தண்ணீர் குடிக்கிற சாட்டில் நிறுத்தினேன். பின்வரிசையில் யாரோ "செயலாளர் வீட்டிலேயே பாக்கியா?" என்று கேட்டார், சிரிப்பு வந்தது. அடுத்த நாளே கட்டிவிட்டேன், ரசீது இதோடு இருக்கிறது. காசு பெரிதில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முன்னமே கட்டியிருப்பேன் அல்லவா? பெரிய சம்பளம், சுரங்கக் கம்பனி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். அதை நம்புகிறவர்கள் முன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

சரி, அதை விடு. பட்டியலில் இருந்த இன்னொருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், உனக்கு எறியப் பழக்கியவர். மூன்று போட்டிக்கு வரவில்லை. தூண்டில் வெறுத்துப்போச்சு என்றார், நாங்களும் நம்பினோம். பிறகுதான் தெரிந்தது, கடை நட்டப்பட்டு ரொட், ரீல், ரபாலா என்கிற போலி மீன் இரைப் பெட்டி எல்லாவற்றையும் உல்லாசப் பயணி ஒருவனுக்கு வந்த விலைக்கு விற்றிருக்கிறார். வீட்டுக்காரிக்கே தெரியாதாம். நான் போய்ப் பேசினேன். "உங்கள் முகத்தில் எப்படி முழிப்பது?" என்றார். நாங்கள் என்ன, ரொட்டோடா சிநேகிதம்? இப்போது அவர் தராசுக்குப் பக்கத்தில் இருந்து புத்தகம் எழுதுகிறார். கிளப் ரொட் ஒன்று அவர் வீட்டில்தான் இருக்கிறது, திருப்பிக் கேட்கக்கூடாது என்று கொமிற்றியில் பேசிவைத்திருக்கிறோம். விற்றதற்கு அவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. சாமான் மனிசனுக்குத்தானே.

அம்மா ஒன்று கவனித்திருக்கிறா. நீ முன்பெல்லாம் வேலைத்தளத்திலிருந்து வாரக்கணக்கில் கூப்பிடுவாய், பின்னால் கொட்டகையும் சிவப்பு மண்ணும் தெரியும். இப்போது செவ்வாயும் குசினி, வெள்ளியும் குசினி. லீவு சேர்த்து எடுத்திருப்பான் என்று நான் சொன்னேன். எடுத்திருந்தால் நல்லது, ஓய்வும் வேண்டும்தானே. சாப்பிடு. இரவில் நேரத்துக்குப் படு. குளிருக்குத் தொப்பி போடு, உனக்குச் சளி காதில்தான் பிடிக்கும்.

இன்னொன்று. எங்கள் நிலையான வைப்பு ஒன்று இந்த மாதம் முதிர்கிறது. கூரை மாற்ற வைத்திருந்தோம். கூரை இந்த மாரியையும் தாங்கும், ஆளை விட்டுப் பார்த்துவிட்டேன். வங்கியில் சும்மா கிடப்பதைவிட உன் பக்கம் இருந்தால் சின்னவனின் படிப்புக்கு உதவும். இங்கிருந்து காசு அனுப்புவதென்றால் வங்கியில் ஏகப்பட்ட படிவம், ஆகவே உன் கணக்கு இலக்கம், வங்கிக் கிளை எல்லாவற்றையும் கெதியாக அனுப்பு. எதற்கு என்று நீ விளக்கம் எழுதத் தேவையில்லை, படிவத்தில் எழுதுகிற காரணத்தை நான் யோசித்துக்கொள்கிறேன்.

மாமியின் மகனிடம் பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் தருகிறேன். அம்மா அறுக்குளாக் கருவாடும் கட்டி வைத்திருக்கிறா. அங்கே விமான நிலையத்தில் சாப்பாட்டுச் சாமானை எல்லாம் படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டும் என்று அவனுக்குச் சொல்லி வை, மறைத்தால் தண்டம் போடுவார்கள்.

ரீல் இலக்கம் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, வொஷருக்கு அவசரம் இல்லை. கணக்கு இலக்கத்தை மறக்காதே. ஞாயிறு காலை உங்கள் நேரம் எட்டரைக்கு எடு, இங்கே ஆறு மணி. அம்மா கோயிலுக்குப் போயிருப்பா, நான் மட்டும்தான் வீட்டில்.

அன்புடன்,
அப்பா