மிச்சம் விழுவது ஏன் என்றும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வீடுகளில் வீணாகும் உணவைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். புவி வெப்பமாதலையும் உலகின் பசியையும் சொல்லி வாசகரின் மனசாட்சியைத் தட்டியிருந்தீர்கள். நல்ல நோக்கம். ஆனால், ஒரு குடும்பம் உணவைக் கொட்டாமல் இருக்க எது அதைத் தூண்டும் என்ற கேள்வியை நீங்கள் தொடவே இல்லை.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2022இல் வீணான 105 கோடி டன் உணவில் ஏறக்குறைய 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. தலைக்கு 79 கிலோ. செல்வந்த நாடுகளின் வீடுகளுக்கும் நடுத்தர வருவாய் நாடுகளின் வீடுகளுக்கும் இதில் பெரிய வேறுபாடு இல்லை என்கிறது அதே அறிக்கை. பணத்திமிர் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

உணவைக் கொட்டாமல் இருக்க எது தூண்டுகிறது என்று குடும்பங்களிடம் நடத்திய ஆய்வுகள் பலவற்றிலும் பணம் மிச்சமாகும் என்பதும், உணவைக் கொட்டுவது தவறு என்ற உறுத்தலும்தான் முன்னே நிற்கின்றன. சுற்றுச்சூழல் பின்வரிசைதான். குப்பைமேட்டிலிருந்து எழுந்து புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை; காசு கொடுத்து வாங்கியது அழுகிக் கிடப்பது தெரிகிறது.

ஆனாலும் கொட்டுகிறோம். ஏனென்றால் அதே சமையலறையில் இன்னொரு ஆசையும் இருக்கிறது: யாருக்கும் பற்றாமல் போகக் கூடாது, வந்தவர் வயிறார உண்ண வேண்டும், பிள்ளைகளுக்குப் புதிதாகச் சமைத்துத் தர வேண்டும். இது அன்பு. சமைப்பவரை, பெரும்பாலான வீடுகளில் பெண்ணை, வீணாக்காதே என்று அதட்டினால் அந்த அன்பையே குறை சொன்னதாக அவருக்குப் படும். உறுத்தலும் ஓர் அளவுக்குமேல் உதவுவதில்லை. மிச்சத்தை உடனே கொட்ட மனம் வராமல் குளிர்பதனப் பெட்டியின் மூலையில் தள்ளிவைக்கிறோம். கெட்டுப்போன பிறகு, இனி ஆகாது என்ற நிம்மதியோடு கொட்டுகிறோம்.

எனவே, ஆசிரியர் அவர்களே, வீட்டார் எல்லோரும் சேர்ந்து செய்யக்கூடியதை எழுதுங்கள். ஒரு வாரம் கொட்டியதையெல்லாம், எதற்காகக் கொட்டினோம் என்ற காரணத்தோடு எழுதிவைக்கச் சொல்லுங்கள். தம் வீட்டில் வீணாவது குறைவு என்றே பலரும் நம்புகிறார்கள். அந்தத் தாள் உண்மையைக் காட்டிவிடும். இன்று வீட்டில் யார் யார் சாப்பிடுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லும் கடமை சமைக்காதவர்களுக்கும் உண்டு என்பதை அழுத்திச் சொல்லுங்கள். வாசகர்கள் அனுப்பும் அந்தத் தாள்களை, பெயர் குறிப்பிடாமல், உங்கள் பக்கங்களில் வெளியிடவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி